இரண்டாவது போர்வை

எங்கள் தெருவில் கடைசி வீடு ராயப்பனுடையது. மில் மூடிய பிறகு உழவர்கரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறார். வருடாவருடம் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று கோவிலுக்குப் போய்விட்டு வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிடுவார். ஈஸ்டர் வரை அங்கேதான் படுக்கை. மனைவி பிலோமினா உள்ளே கட்டிலில்.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மில்லில் இருந்தபோது வேறொரு பெண்ணோடு ஒரு வருடம் பழகினார். பிறகு அவராகவே பிலோமினாவிடம் சொல்லி அழுதார். கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்தார். சாமியார் அபராதமாகச் சொல்லச் சொன்ன செபங்கள் அவருக்குப் போதவில்லை. ஒரு முறை இடம் கொடுத்த சரீரத்தை இனிமேல் கட்டிப்போட்டுத்தான் வைக்க வேண்டும் என்று, தவக்காலம் நாற்பது நாளும் மனைவி பக்கத்தில் படுப்பதில்லை என நேர்ந்துகொண்டார். இருபத்திரண்டு வருடமாக மீறியதில்லை.

"தப்பு பண்ணது எங்கயோ, பட்டினி போடறது என்னையா?" என்று பிலோமினா ஆரம்பத்தில் சண்டை போட்டாள். போகப்போகப் பழகிவிட்டது. "எங்க வூட்டு சந்நியாசி முன் ரூமுக்குப் போயிட்டாரு" என்று பக்கத்து வீட்டு அமுதவல்லியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருடத் தவக்காலத்தில் அவள் எழுந்து நடமாடவில்லை. கருப்பையில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் ராயப்பன்தான். நோயாளிக்குச் செய்வது வேறு, பக்கத்தில் படுப்பது வேறு என்று வைத்திருந்தார். வேலை முடிந்ததும் பாய்க்குத் திரும்பிவிடுவார்.

பெரிய வெள்ளியன்று மதியம், அந்த வெயிலில் அவளுக்கு நடுக்கம் கண்டது. அவர் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்த்திவிட்டார்.

"குளுருதுங்க. கொஞ்சம் பக்கத்துல வந்து படுங்க."

"இன்னைக்குப் பெரிய வெள்ளி, பிலோமி. இன்னும் ரெண்டே நாளு. ஞாயித்துக்கிழம வந்துடறேன்."

"இந்த எலும்புக்கூட்டப் பாத்து ஆச வந்துடும்னு பயமா?"

அவருக்கு ஆசையெல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருடம் காத்ததைக் கடைசி இரண்டு நாளில் விட்டுவிடக் கூடாது என்றுதான் நினைத்தாராம். பீரோவிலிருந்து இன்னொரு போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தி, காலடியில் நன்றாகச் செருகினார். கையில் செபமாலையைக் கொடுத்தார். அமுதவல்லியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மூன்று மணி வழிபாட்டுக்குப் போனார்.

கோவிலில் பெரிய கூட்டம். சிலுவையை முத்தமிடுகிற வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஒரு மணி நேரம் காத்திருந்து, குனிந்து சிலுவையில் இருந்த அந்த மரப் பாதங்களை முத்தமிட்டுவிட்டு வந்தார்.

வீட்டில் அமுதவல்லி கட்டிலில் பிலோமினாவை அணைத்தபடி படுத்திருந்தாள். இரண்டாவது போர்வை தரையில் கிடந்தது. அவரைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா போயிட்டாங்கண்ணே. அரை மணி நேரம் ஆவுது. எழுந்துக்க எனக்கு மனசு வரல."

அடக்கம் முடிந்த மறுவாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியார் பொறுமையாகக் கேட்டார். "நேர்ச்சையக் காப்பாத்துனது பாவம் ஆவாது, ராயப்பா. மனசப் போட்டு அலட்டிக்காத" என்றார். செபம் எதுவும் சொல்லச் சொல்லாமலே அனுப்பிவிட்டார்.

"அந்தப் பொம்பளகூடப் போனதுக்கு மன்னிப்பு கெடச்சுது. இதுக்குக் கேட்டா, பாவமே இல்லன்றாங்க. நான் எங்க போறது?" என்று என்னிடம் கேட்டார்.

இந்த விபூதிப் புதனுக்கு அவர் பாயை எடுக்கவில்லை. கட்டிலிலும் படுப்பதில்லை. டூட்டி இல்லாத நாளில்கூட நாற்காலியிலேயே தூங்குகிறார். அமுதவல்லி குழம்பு கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"அப்புறம் குளுருதுன்னு சொன்னாளா?"

"இல்லண்ணே. நான் படுத்ததும் நடுக்கம் நின்னுடுச்சு."

அவர் தலையாட்டிக்கொள்வார். நாலு நாள் கழித்து மறுபடி கேட்பார்.

அமுதவல்லி அவரிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. என்னிடம் சொன்னாள். அவள் போய்ப் படுத்தபோது, கண்ணைத் திறக்காமலே பிலோமினா, "வந்துட்டீங்களா?" என்று கேட்டாளாம்.

இவள், "ம்" என்றிருக்கிறாள்.