விரல் வைத்துக் காட்டிய முகம்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அந்த வீடு இன்றும் இருக்கிறது. வடக்குப் பார்த்த ஜன்னலும் அப்படியே இருக்கிறது. நான் சொல்லப் போவது பட்டப் பகலில் நடந்தது. இருட்டு இல்லை, மழை இல்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன். காலை பத்து மணி அடித்தால் அர்த்தநாரி இன்றைக்கும் அந்த வீட்டுக்குள் இருப்பதில்லை.

2008. அர்த்தநாரிக்கு முப்பது வயது. ஓவியக் கல்லூரியில் படித்தவன். இறந்தவர்களின் போட்டோவைப் பார்த்து, மாலை போட்டு மாட்டுவதற்கான படங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுப்பான். முன்னறைதான் வேலை செய்யும் இடம். காலையில் எழுந்ததும் பேக்கரியில் ஒரு டீ. பிறகு பலகையில் வண்ணங்களைப் பிதுக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்துவிடுவான். தூரிகை துடைக்கப் பனியன் வேஸ்ட். கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணி, மூட்டையாகக் கிடைக்கும். சாயத் துணியில் துடைத்தால் அந்தச் சாயம் தூரிகையில் ஏறும். அதனால் அவன் மனைவி கோகிலவாணி வெள்ளைத் துண்டுகளை மட்டும் பொறுக்கி, நான்காக மடித்து வைப்பாள்.

கோகிலவாணி இறந்துபோய் எட்டு மாதம். அர்த்தநாரி அழவில்லை. ஊரில் செத்தவர்களையெல்லாம் வரைந்தான். அவளை மட்டும் வரையவில்லை. எழுந்தான், டீ குடித்தான், வேலை செய்தான். கைக்கு வந்த துணியில் துடைத்தான்.

அந்த வாரம் மொக்கைச்சாமி வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து குடியிருப்பவர். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்த ஒரே மகள் அனுசுயா லாரி மோதி இறந்துபோயிருந்தாள்.

"சனிக்கிழம முப்பதாம் நாள்யா. அதுக்குள்ள வேணும். வீட்டுல அவ அம்மா சோறு தண்ணி இல்லாமக் கெடக்கா. மூஞ்சியவாச்சும் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

நீட்டியது கம்பெனி டூர் போட்டோ. பஸ் முன்னால் பத்துப் பதினைந்து பெண்கள். வேறு போட்டோ கிடையாது.

"இதுல யாருங்க?"

மொக்கைச்சாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்க்க முடியவில்லை அவரால். பார்க்காமலே விரலை வைத்தார்.

"இந்தப் பிள்ளதான்யா."

அர்த்தநாரி அந்த முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டான்.

புதன்கிழமை பத்து மணிக்குள் முகம் வந்துவிட்டது. பத்துக்கு வழக்கம்போலக் கரன்ட் போனது. பக்கத்து வீட்டு ஆறுச்சாமியின் நிட்டிங் மிஷின்கள் நின்றன. அந்த இரைச்சல் நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும். அர்த்தநாரி எழுந்து டீக்குப் போனான்.

திரும்பி வந்தபோது படத்தில் முகம் இல்லை.

கூந்தல் இருந்தது. காது இருந்தது. தோள் இருந்தது. முகம் மட்டும் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு வெள்ளைத் துண்டு, தோல் நிறம் படிந்து...

"ஏனுங்க, உங்கூட்டுப் பசங்க இந்தப் பக்கம் வந்தாங்களா?" என்று ஆறுச்சாமியிடம் கேட்டான்.

"அவனுக பள்ளிக்கூடம் போயிட்டானுக. நீங்களே அழிச்சுப்போட்டு மறந்திருப்பீங்க. காலாகாலத்துல இன்னொரு கண்ணாலத்தப் பண்ணுங்கன்னா கேக்கறீங்களா? செவுத்தோட பேசற நாளு தூரமில்லீங்க, பாத்துக்கங்க."

மறுபடி வரைந்தான்.

வியாழக்கிழமை வீட்டைப் பூட்டிவிட்டு டீக்குப் போனான். பூட்டு பூட்டினபடி இருந்தது. முகம் இல்லை. இந்த முறை துண்டு கீழே கிடக்கவில்லை. ஸ்டூல் மேல் இருந்தது. நான்காக மடித்து.

அர்த்தநாரி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். தொடவில்லை.

சனிக்கிழமை படம் கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை அவன் வெளியே போகவில்லை. முன்கதவைத் தாழிட்டான். வேஸ்ட் மூட்டையைச் சமையலறைக்குள் தள்ளி, நடுக்கதவையும் இந்தப் பக்கம் தாழிட்டான். வரைய உட்கார்ந்தான்.

பத்து மணி. கரன்ட் போனது. மிஷின்கள் நின்றன.

நெற்றி வந்தது. கன்னம் வந்தது. மூக்கை ஆரம்பித்தான்.

டொக்... டொக்...

நடுக்கதவு. சமையலறைப் பக்கத்திலிருந்து.

அங்கே யாரும் இல்லை. பின்கதவு உள்தாழ் போட்டிருந்தது. அவனே போட்டது.

டொக்... டொக்... டொக்...

மெதுவாகத்தான் தட்டியது. வளையல் மரத்தில் உரசியது.

அவன் மூக்கை முடித்தான். கை நிற்கவில்லை. வாயை வரைந்தான்.

தட்டல் வேகமானது. உள்ளங்கையால் அடித்தது. பிறகு கீழே இறங்கியது... கதவின் அடியில்... உட்கார்ந்துகொண்டு தட்டுவதுபோல...

திறந்தால் யார் நிற்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

அதனால்தான் திறக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கரன்ட் வந்தது. மிஷின்கள் இரைந்தன. தட்டல் கேட்கவில்லை. படம் முடிந்திருந்தது.

நடுக்கதவைத் திறந்தான். யாரும் இல்லை. பின்கதவின் தாழ் போட்டபடி இருந்தது. மூட்டை மட்டும் அவிழ்ந்து கிடந்தது. தரை முழுக்க... வெள்ளைத் துண்டுகள்.

சனிக்கிழமை காலை படத்தை எடுத்துக்கொண்டு மொக்கைச்சாமி வீட்டுக்குப் போனான். வண்ணம் இன்னும் காயவில்லை. ஈரத்தோடு பிடித்துப் போனான். அனுசுயாவின் அம்மா ராமுத்தாய் படத்தைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை அவளுக்கு. பிறகு மார்பில் அடித்துக்கொண்டாள்.

"இது எம்பிள்ள இல்லைய்யா! இது சித்ராதேவி. போட்டோவுல எம்மக பக்கத்துல நிக்கிறவ. உசுரோட இருக்கிற பிள்ளைய்யா இது!"

மொக்கைச்சாமி தன் விரலைப் பார்த்தபடி நின்றார்.

"இப்ப எங்க இருக்குதுங்க அந்தப் புள்ள?" அர்த்தநாரி கேட்டான்.

"ஆஸ்பத்திரியில கெடக்கு. புதன்கிழமையில இருந்து மூச்சு விட முடியல. என்னன்னே டாக்டருக்குப் புரியல. அழிங்கய்யா... மொதல்ல அத அழிங்க!" ராமுத்தாய் கத்தினாள்.

அவன் தன் சட்டையைக் கழற்றினான். வெள்ளைச் சட்டை. அங்கேயே உட்கார்ந்து அந்த முகத்தைத் துடைத்தான். மூக்கை முதலில் துடைத்தான். பிறகு வாயை. எப்போது அழ ஆரம்பித்தான் என்று அவனுக்குத் தெரியாது.

மொக்கைச்சாமியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சித்ராதேவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சற்று முன்புதான் மூச்சு சீரானதாக நர்ஸ் சொன்னாள். நேற்றுப் பகலில் பிழைக்க மாட்டாள் என்றே நினைத்தார்களாம்.

அனுசுயா வீட்டிலிருந்து வருவதாக மட்டும் சொன்னான். உடம்புக்கு என்ன செய்தது என்று கேட்டான்.

"மூஞ்சில எதையோ ஈரமா அப்புற மாதிரி இருந்துச்சுண்ணே. மூக்கு, வாயி எல்லாம் அடைச்சுக்கும். அப்ப ஒரு அக்கா வருவாங்க. துணியால தொடச்சு விடுவாங்க. மூச்சு வந்துரும். ரெண்டு நாளும் வந்தாங்க."

"நேத்து?"

"நேத்து வரலண்ணே. கதவத் தட்டுற சத்தம்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தொறந்து விடுங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சினேன். யாரும் தொறக்கல."

அர்த்தநாரி திரும்பிப் பார்த்தான்.

அந்த வார்டுக்குக் கதவே இல்லை.