வேப்பிலை கட்டிய பிரவுசிங் சென்டர்

பென்டிரைவ் புதிதாக வந்த காலத்தில் ஏர்வாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். யாரோ செருகிய பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, ஆறு கம்ப்யூட்டரும் இழுத்துக்கொண்டு கிடந்தன. வெளியில் தெரிந்தால் ஆள் வராது என்று நான் மூச்சு விடவில்லை. என் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் அதே வைரஸைக் கீழக்கரையில் கடை வைத்திருந்த என் நண்பனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். நண்பன் போனில் பிடித்துக்கொண்டான்.

“உங்க தெருவுல அம்மை போட்டா, யாரும் உள்ள வரக்கூடாதுன்னு வாசல்ல வேப்பிலை சொருகுறீகல்ல? கடைக்கு வந்தா மட்டும் மறைப்பியாக்கும்?”

“உன் கடையப் பாக்குறது என் வேலையா?” என்று போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் வீம்புக்கென்றே வாசலில் ஒரு கொத்து வேப்பிலையைக் கட்டி, ‘வைரஸ் இருக்கிறது, பென்டிரைவ் செருகாதீர்கள்’ என்று எழுதியும் ஒட்டினேன். ஒருவரும் படியேறவில்லை. மதியம் ஒருத்தன் மட்டும் வேப்பிலையை விலக்கிக்கொண்டு வந்தான். கீழக்கரைக்காரன்தான். கையில் புது ஆன்டிவைரஸ் சிடி.

“ரெண்டு கடைக்கும் சேத்துதான் வாங்குனேன்” என்றான்.

“வாசல்ல எழுதியிருக்கேன், பாக்கலையா?”

“எனக்குத்தான் ஏற்கெனவே போட்டுருச்சே. இனி என்னப்பா பயம்?”