காய்ச்சல் இல்லாமல் தூங்கியவன்

பக்கத்து வீட்டுப் பெண் இன்று காலையில் காலில் போடுகிற தன் வெள்ளைத் துணிச் சப்பாத்தைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, வேலிக் கம்பியில் மாட்டிக் காயவைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை. வாரத்தின் நடுவில் ஒரு படிக்கிற பிள்ளை சப்பாத்தைக் கழுவுமா? நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு போகும்? நான் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தாள். என்னைக் கண்டதும், "தாத்தா, பசியாறியாச்சா லா?" என்றாள். விடிந்தும் விடியாத நேரத்தில், கேட்காமலே, அவ்வளவு மரியாதை. வாய் கொப்பளிக்காமலே வேலியோரம் போனேன்.

அவள் அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மெதுவாக விசாரித்தேன். "ஒண்ணுமில்லை மாமா, காலேஜ்ல தவணை முடிஞ்சு லீவு விட்டுட்டாங்க, அதான் ஆட்டம்" என்றாள். நம்பினேன். முழுசாக இல்லை.

ஒரு மனிதன் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தால் எனக்கு ஆகாது. இது பிறவிக் கோளாறு இல்லை, வளர்ந்த இடத்தின் கோளாறு. ஈரத் துணிச் சப்பாத்தின்மேல் சுண்ணாம்பு காயும்போது ஒரு வாசனை வருமே, வெள்ளையடித்த சுவரும் நனைந்த சாக்கும் கலந்த மாதிரி, அது என்னை நேராக ஈப்போ நகரத்தில் ஒரு கடை மாடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. கீழே ராவுத்தர் ஒருவருடைய மளிகைக் கடை. கருவாடு, வெங்காயம், சாம்பிராணி எல்லாம் ஒன்றாக மணக்கும். நான் அங்கே சாமான் நிறுத்துக் கட்டிக் கொடுக்கிறவன். மாடி அறையில் நானும் என் அத்தை மகன் ரெங்கனும் இருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. ரப்பருக்கு நல்ல விலை இருந்த வருஷங்கள்.

ரெங்கன் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் மேல்வகுப்பில் அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தான். எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதை யாரும் பள்ளிக்கூடம் என்று சொல்லமாட்டார்கள், காலேஜ் என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு பெரிய கட்டிடம். நானோ தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எங்கள் பள்ளி, வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்தால் மூடும், காய்ச்சல் இறங்கினால் திறக்கும். தவணை, தவணை முடிந்து விடுமுறை என்ற பேச்சே கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேற்கொண்டு நான் செய்ததையெல்லாம் படித்துவிட்டு என்னைப் பைத்தியம் என்பீர்கள்.

ரெங்கனுக்கும் என் தங்கை பாக்கியத்துக்கும் பரிசம் போட்டாகிவிட்டது. எங்கள் தோட்டம் பத்து காஜா என்ற ஊருக்கு அந்தப் பக்கம். அப்பா அங்கே கங்காணி. அத்தைக்குப் புருஷன் இல்லாததால் ரெங்கனைப் படிக்கவைத்ததும் அப்பாதான். படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று மாரியம்மன் கோயிலில் ஊர் பார்க்க வெற்றிலை மாற்றினார்கள். இனி அவன் மனம் மாறி எங்கேயாவது போய்விட்டால், வெற்றிலை மாற்றிய பெண்ணைக் கேட்டு வேறு எவனும் படி ஏறமாட்டான். பாக்கியம் ரப்பர் பால்வாளியோடு, வரிசை வீடுகளான அந்த லயத்திலேயே நரைக்க வேண்டியதுதான். என்னை அவனோடு ஒரே அறையில் வைத்ததன் அர்த்தம் அதுதான். அப்பா விளக்கவில்லை. "ஒரு கண்ணு வச்சுக்கடா" என்று மட்டும் சொன்னார். நான் இரண்டு கண்ணையும் வைத்தேன்.

கண் வைப்பது எங்கள் வீட்டில் ஒரு குடும்பத் தொழில். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். வந்து நிற்கிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் காசு உண்டு. ஒரு தலை குறைந்தால் அப்பா முகம் செத்துவிடும். தோட்டத்தை விட்டு ஓடுகிறவர்கள் அப்போது நிறைய. ஆகவே ஓடப்போகிறவனை முதல் நாளே மோப்பம் பிடிக்க எங்கள் எல்லோருக்கும் தெரியும். காத்தான் என்று ஒருவன் இருந்தான். இரவல் வாங்கிய முறத்தை வருஷக் கணக்காகத் திருப்பித் தராதவன், ஒரு சாயங்காலம் அதைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, அம்மாவிடம் சிரித்த முகமாகக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் பெரட்டில் ஆள் இல்லை. "முறத்தைக் கழுவிக் குடுத்தப்பவே நெனச்சேன்" என்றாள் அம்மா. அதிலிருந்து லயத்தில் யாராவது எதையாவது கழுவித் திருப்பிக் கொடுத்தால் அப்பா சோற்றுக் கையோடு எழுந்துவிடுவார். இரவல் பொருளைத் திருப்புவது, துணியெல்லாம் துவைப்பது, எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசுவது. இந்த மூன்றும் ஒருவனிடம் சேர்ந்தால் அவன் ஓடப்போகிறான்.

ரெங்கனிடம் மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்தன.

முதலில் ராவுத்தரிடம் வாங்கிய குடையைத் திருப்பினான். பிறகு என்னுடைய இடுப்புவாரை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தான். சட்டை, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்து மாடிக் கைப்பிடி முழுக்கத் தொங்கவிட்டான். சப்பாத்துக்குச் சுண்ணாம்பு பூசி ஜன்னலில் வைத்தான். முடி வெட்டிக்கொண்டு வந்து கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரித்தான். முனைக் கோப்பிக் கடைச் சீன முதலாளியிடம் போய், "போயிட்டு வாரேன் தவுக்கே" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். ஐஸ் சீவி உருண்டையாக்கிச் சிவப்புச் சாறு ஊற்றித் தருவார்களே, அதை எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். கையெல்லாம் சாறு வழிய, "குடிங்க மச்சான், கரைஞ்சிரும்" என்றான். நான் குடித்தேன். இனித்தது. அதனாலேயே பயம் அதிகமானது.

ராவுத்தரிடம் சொன்னேன். "மொதலாளி, அவன் கொடையத் திருப்பிக் குடுத்துட்டான்."

"கொடை என்னுதுப்பா."

"அதான் சொல்றேன்."

"என் கொடை எனக்கு வந்தா நான் சந்தோசப்படணுமா, போலீசுக்குப் போகணுமா?" என்றார். "ஒனக்கு வெயிலடிச்சாலும் சந்தேகம், மழை பெஞ்சாலும் சந்தேகம். போய் பருப்பைக் கட்டு."

அவருக்கு என்ன தெரியும். அவர் தோட்டத்தில் வளர்ந்தவர் இல்லை.

அப்பாவுக்குச் சொல்லி அனுப்பலாம். ஆனால் சொன்னால் அவர் நிதானிக்கமாட்டார். மறுநாளே வந்து ரெங்கனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தோட்டத்து ஆபீசில் உட்காரவைத்துவிடுவார். படிப்பு அத்தோடு சரி. சொல்லாமல் இருந்து அவன் ஓடிவிட்டால் பாக்கியத்தின் வாழ்க்கை அத்தோடு சரி. இரண்டுக்கும் நடுவில் நான் பருப்பு கட்டினேன். ஒரு பெண்மணி, எடை குறைகிறது என்று சண்டை போட்டாள்.

மத்தியானங்களில் அவன் ஆ செங் என்ற கூட்டாளியோடு ஈயக்குட்டைக்குக் குளிக்கப் போவான். ஈயம் தோண்டி முடித்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிறைந்து, பச்சைக் கண்ணாடி மாதிரி கிடக்கும். பின்னால் சுண்ணாம்புக் குன்றுகள். ஒருநாள் நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். அவர்கள் சட்டையும் காற்சட்டையும் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தார்கள். நான் கரையில் ரெங்கனுடைய காற்சட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டேன். காற்சட்டை இல்லாமல் எவனும் பினாங்குக்கு ரயில் ஏறமுடியாது. இந்தியாவுக்குப் போகிற கப்பல் பினாங்கில்தானே.

"அண்ணே, வா லா! தண்ணி நல்ல சில்லு!" என்று ஆ செங் கத்தினான். அவன் அப்பா தோட்டத்துக் கடைக்காரர். தமிழில் எங்களையே ஏசுவான்.

"நான் இங்கயே இருக்கேன்."

"ஏன் மச்சான், காற்சட்டைய அடைகாக்குறீங்களா?" என்றான் ரெங்கன்.

அவன் கரைக்கு நீந்தி வந்ததும் நேராகவே கேட்டுவிட்டேன். "மாப்ள, நெசத்தைச் சொல்லு. எங்க போறே?"

"தோட்டத்துக்குத்தான். லீவு விடுறாங்க."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே."

"பெறகு எதுக்கு லீவு?"

அவன் தண்ணீரில் நின்றபடியே என்னைப் பார்த்தான். "எல்லாருக்கும் லீவு மச்சான். வாத்தியாருக்கும் லீவு."

"எல்லாரும் போயிட்டா வேலைய யாரு பாப்பா?"

"யாரும் பாக்க வேணாம். அதான் சந்தோசமே!" என்று சொல்லிவிட்டு மல்லாந்து தண்ணீரில் விழுந்தான்.

அந்தப் பதில்தான் என்னை மிகவும் பயமுறுத்தியது. எங்களுக்கு லீவு என்றால் ஆஸ்பத்திரி. அல்லது மழை. மழை நாளில் மரத்தைக் கீறிப் பால் எடுக்க முடியாது, சம்பளமும் கிடையாது, லயத்தில் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பணம் கட்டிப் படிக்கிறவனை வாரக்கணக்கில் வரவேண்டாம் என்று ஒரு பள்ளிக்கூடம் சொல்லுமா? பொய் சொல்கிறவன் கொஞ்சமாவது நம்பும்படி சொல்லக்கூடாதா என்று அவன்மேல் எனக்குக் கோபமே வந்தது.

கடைசி நாள் என்று அவன் சொன்ன நாளில், ராவுத்தரிடம் பல் வலி என்று சொல்லிவிட்டுக் காலேஜ் வாசலுக்குப் போனேன். கேட்டுக்கு எதிரே மரத்தடியில் நின்றேன். மணி அடித்தது. கதவு திறந்தது. நான் கண்டதை எப்படிச் சொல்வது! சீனப் பையன்கள், மலாய்ப் பையன்கள், சீக்கியப் பையன்கள், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், எல்லோரும் கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஒருவன் இன்னொருவனுக்குத் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கிறான். ஒருவன் பந்தைத் திருப்பிக் கொடுக்கிறான். கட்டிப்பிடிக்கிறார்கள், முதுகில் அறைகிறார்கள். எல்லார் காலிலும் வெள்ளை வெளேரென்று சப்பாத்து. மொத்தக் காலேஜும் ஓடப்போகிறது! பெரட்டுக்கு நாளைக்கு ஒரு தலைகூட மிஞ்சாது. கேட்டில் நின்ற காவற்காரரான சிங்கிடம் போய் என்ன நடக்கிறது என்று கேட்டேன். "ஹபிஸ் லா" என்றார், எல்லாம் முடிந்தது என்று கையை விரித்து. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். யாரையும் பிடிக்கவில்லை, தடுக்கவில்லை.

சரி, லீவு என்று ஒன்று இருக்கிறது போலும் என்று பாதி நம்பினேன். மறுபாதிக்காக அவனோடு நானும் ரயில் ஏறினேன். வண்டி வடக்கே பினாங்குப் பக்கம் போகாமல் தெற்கே போனது ஓர் ஆறுதல். ஆனாலும் அவனை உள்பக்கம் உட்காரவைத்துவிட்டு நான் கதவோரமாக உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவன் கடலை தின்றுகொண்டே ஜன்னலைப் பார்த்து வந்தான். நான் அவனைப் பார்த்து வந்தேன்.

மறுநாள் காலை தோட்டத்தில் நடந்ததை அந்த லயத்துக்காரர்கள் வெகுகாலம் பேசினார்கள். ரெங்கன் அத்தை வீட்டு வாசல் தாழ்வாரமான அஞ்சடியில் பாய் விரித்துப் படுத்திருந்தான். பெரட்டு மணி அடித்தது, எழவில்லை. ஆட்கள் அவனைத் தாண்டி ரப்பர்க் காட்டுக்குப் போனார்கள், எழவில்லை. வெயில் முகத்தில் அடித்தது. புரண்டு படுத்தான். வயசுப் பையன் வெயில் ஏறத் தூங்கி அந்த லயம் பார்த்ததே இல்லை. அத்தை பயந்துபோய்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் குந்தி உட்கார்ந்து, தூங்குகிறவன் வாயில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழலைச் சொருகினார். சுற்றிலும் கூட்டம்.

"காய்ச்சல் இல்லம்மா. தூங்குறான்."

"காய்ச்சல் இல்லாம எப்பிடிங்கய்யா இவ்வளவு நேரம் தூங்குவான்?"

"அதை அவன்ட்டதான் கேக்கணும்."

அப்பா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். வராத தலையை என்ன கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பால் எடுத்த பெண்கள் வாளிகளோடு காட்டிலிருந்து திரும்பினார்கள். பாக்கியமும் வந்தாள். கூட்டத்தை விலக்கிப் பார்த்தாள். வாயில் கண்ணாடிக் குழலோடு, சுற்றி ஊரே நிற்க, குறட்டை விட்டுக்கொண்டிருக்கிற மாப்பிள்ளையைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எல்லார் முன்னாலும், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அத்தைக்கு முகம் சுருங்கியது. எனக்கு இதுவும் சந்தேகமாக இருந்தது.

சாயங்காலம் விறகு பிளக்கும்போது, "ஏன் புள்ள அப்பிடிச் சிரிச்சே?" என்று கேட்டேன்.

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவரு படிக்கப் போனதுலேர்ந்து நான் தூங்கலண்ணே. இங்கிலீசு படிச்ச ஆளு, லயத்துப் பொண்ணுட்ட எதுக்குத் திரும்பி வரணும்னு. ஓடப்போறவன் ஒரு கண்ணத் தொறந்து வச்சுத்தான் தூங்குவான். இவரு தூங்குன தூக்கத்தப் பாத்தீங்களா?"

என் சந்தேகமெல்லாம் அன்றைக்குத்தான் இறங்கியது. கங்காணி மகள், சும்மாவா.

அவர்கள் கல்யாணம் நடந்தது. ரெங்கன் ஈப்போவில் ஓர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகி, தவணையும் லீவும் இல்லாத உலகத்துக்கு வந்து சேர்ந்தான். தோட்டத்தைப் பிற்பாடு துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். அந்த லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை. பேர் கூப்பிட ஆளும் இல்லை, கூப்பிட்டால் நிற்க ஆளும் இல்லை. ஈயக்குட்டையை மண் போட்டு நிரப்பி வீடு கட்டியிருக்கிறார்கள். போன வருஷம் பாக்கியமும் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெங்கன் பஸ் பிடித்து என்னைப் பார்க்க வருவான். போன வாரம் கோப்பியை ஆற்றிக்கொண்டே, "மச்சான், அன்னைக்கு அவ ஏன் அப்பிடிச் சிரிச்சா? கடைசி வரைக்கும் கேட்டுப் பாத்துட்டேன், சொல்லவே இல்ல" என்றான்.

நான் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவன் கோப்பி ஆற்றுவதை நிறுத்தினான். "திரும்பி வருவேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்" என்றான்.

"சொன்னே. அவ நம்பல."

"வந்து நின்னு சத்தியம் பண்ணியிருந்தா?"

"அப்பவும் நம்பியிருக்கமாட்டா."

ரெங்கன் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப நான் தூங்குனதுதான் நல்லது" என்றான். பிறகு, என்னைப் பார்க்காமல், "இப்பத்தான் மச்சான், தூக்கமே வரமாட்டேங்குது" என்றான்.