மடியில் வைத்த சிவப்புத் தொப்பி

என் அண்ணன் திஜானியைக் கஞ்சன் என்று பிஸெர்த்தாவில் ஒரு குடும்பம் கொஞ்ச காலம் நம்பியிருந்தது. அவருடைய ஒரே மகள் உல்ஃபா வாழ்க்கைப்பட்ட குடும்பம் அது. அவர் அதை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

எங்கள் ஊரான தெபூர்ஸூக்கில் தண்ணீர் விடுவது அவர் வேலை. நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வால்வுகளைத் திறப்பார், மூடுவார். சேற்றில் நிற்கிற வேலைதான் என்றாலும் காற்சட்டையின் மடிப்பு கலையாது. சிவப்புத் தொப்பி தலையை விட்டு இறங்காது. அவருடைய வழுக்கையை அண்ணியைத் தவிர யாரும் பார்த்ததில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். அண்ணி இறந்த பிறகு, மணமுறிவாகித் திரும்பியிருந்த நான் அந்த வீட்டில் சமையலைப் பார்த்துக்கொண்டேன். பகலில் பள்ளியில் புவியியல் பாடம் எடுத்தேன்.

நிச்சயம் முடிந்த வசந்தத்தில் சம்பந்தி சி ஷாத்லி தொலைபேசியில் பேசினார். அடுத்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவதாகவும், அப்படியே துக்காவையும் பார்த்துவிட ஆசை என்றும், அரை நாள் போதும் என்றும் சொன்னார். ரோமர்கள் விட்டுப்போன அந்த ஊர் எங்கள் மேட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பள்ளியில் ஒருமுறை கூட்டிப்போவார்கள். அதன்பிறகு விருந்தாளி வந்தால்தான் எங்களுக்கு அதன் நினைப்பு வரும்.

ஒரு வாரம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் திட்டம் சொன்னார். அவர்கள் வந்து இறங்கியதும் கிளம்பிவிட வேண்டும். கிளம்புமுன் காபி வேண்டாம். நாடக அரங்கையும் மேலே இருக்கும் பெரிய கோயிலையும் பார்த்தால் போதும், கீழே குளியல்கூடங்களுக்கு இறங்க வேண்டாம். சாப்பாடு, தேநீர் எதையும் கட்டிக்கொண்டு போகக் கூடாது. உல்ஃபாவோ ஆலிவ் மரத்தடியில் பாய் விரித்து, பொரித்த ஆட்டுக்கறியும் பாதாம் மிதக்கும் தேநீரும் பரிமாறுவதாக ஒரு வாரமாகக் கனவு கண்டுகொண்டிருந்தாள்.

"அவங்க விருந்தாளிங்களா, இல்ல தண்ணி பில் கட்ட வர்றவங்களா அப்பா?" என்றாள்.

"கல்லப் பாக்கத்தானே வர்றாங்க? பாத்துட்டு வந்து வீட்ல சாப்பிடட்டும்."

"ஒரு வாய் டீக்குக் கணக்குப் பாக்குற குடும்பம்னு ஊருக்குப் போய்ப் பேசுவாங்க."

"பேசட்டும்."

அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். எனக்கும் அண்ணன்மேல் கோபம்தான்.

இரண்டு நாள் கழித்துச் சந்தையில் துக்காவின் காவலாளி லமீனைப் பார்த்தேன். உங்கள் அண்ணனுக்குத் திடீரென்று பழைய கல்மேல் ஆசை வந்துவிட்டதா என்று கேட்டார். அந்த வாரத்தில் இருமுறை தனியாக வந்தாராம். கோயிலை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லையாம். சுவர்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தபடி நடந்தாராம். "புதையல் எதுவும் கெடைச்சா எனக்கும் ஒரு பங்கு குடுக்கச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது. பள்ளிவாசலில் அவர் வாசலை ஒட்டியே தொழுவது, கல்யாணங்களுக்குப் போகாமல் பணத்தை மட்டும் கொடுத்தனுப்புவது, காற்சட்டையைத் தானே துவைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதையெல்லாம் அண்ணி போன துக்கம் என்றே எண்ணியிருந்தேன்.

சமையலறையில் வைத்துக் கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு குழாயைப் பார்த்தபடியே, ஒன்றுக்கு வந்துவிட்டால் கொஞ்ச நேரம்கூட அடக்க முடியவில்லை என்றார். துக்காவில் நுழைவாயிலருகே கழிப்பறை உண்டு. உள்ளே போய்விட்டால் கிடையாது. கோயிலுக்குக் கீழே ஓர் இடிந்த சுவரைப் பார்த்து வைத்திருந்தார். அந்த அரை நாள் திட்டம் முழுவதும் அந்தச் சுவரைச் சுற்றித்தான் போடப்பட்டிருந்தது.

டாக்டரிடம் போகலாமே என்றேன்.

"அந்த டாக்டர் பொண்ணு நம்ம உல்ஃபாகூடப் படிச்சவ. அவகிட்டப் போய் நான் என்னத்தச் சொல்றது?"

"அப்ப உடம்பு சரியில்லன்னு வீட்லயே இருந்துடுங்க."

"பொண்ணக் குடுக்குறவன் சம்பந்திய வழிகாட்ட ஆளில்லாம அனுப்புவானா? கஞ்சன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அது ஆம்பளைக்கு வர்ற பேருதான்." பிறகு மெல்லச் சொன்னார்: "உல்ஃபாவுக்குத் தெரியக் கூடாது."

ஞாயிறு வந்தது. சி ஷாத்லி பெரிய உருவம், பெரிய குரல். அவர் மனைவி லல்லா ஸுஹ்ரா ஃபிளாஸ்க் நிறையத் தேநீரைப் பிஸெர்த்தாவிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். நாடக அரங்கின் படிகளில் உட்கார்ந்து எல்லோருக்கும் ஊற்றினாள். முதல் கோப்பையைச் சம்பந்தி தன் கையாலேயே அண்ணனிடம் நீட்டினார். முந்தின இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர் அதை வாங்கிக் குடித்தார். இரண்டாவதையும் குடித்தார். உல்ஃபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி கொண்டுவந்த தேநீரை நாங்கள் குடித்துக்கொண்டிருந்தோம்.

கோயிலில் சி ஷாத்லி ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். அண்ணனின் நெற்றி வேர்ப்பதை நான் கண்டேன். இதோ வருகிறேன் என்று அவர் அந்தச் சுவரை நோக்கி வேகமாக இறங்கினார். சுவருக்குப் பின்னால் ஏதோ பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஆசிரியை ஒருத்தி அவருக்கு ஸலாம் சொன்னாள். அவர் திரும்பி நடந்தார், இன்னும் கீழே, குளியல்கூடங்களின் பக்கம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ரோமர்களின் பொதுக் கழிப்பிடத்தில் உட்கார்ந்திருந்தார். லாட வடிவத்தில் வளைந்த நீளமான கல் இருக்கை, அதில் வரிசையாக ஓட்டைகள். அந்தக் காலத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கிறார்கள். தடுப்பு எதுவும் இல்லை. அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் கவிழ்த்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். வழுக்கை வெயிலில் மின்னியது.

சி ஷாத்லி இடி போலச் சிரித்தார். "பாத்தீங்களா, நம்ம சம்பந்தி நமக்கெல்லாம் எடம் புடிச்சு வெச்சிருக்கார்" என்று பக்கத்து ஓட்டையில் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளை உட்கார்ந்தான், லல்லா ஸுஹ்ரா வெட்கத்தோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். உல்ஃபாதான் படம் எடுத்தாள். சிரிக்கச் சொன்னார்கள். அண்ணன் சிரித்தார்.

எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது, நீங்கள் போங்கள் என்றார். தூக்கிவிட வந்த சம்பந்தியின் கையைத் தட்டாத குறையாக விலக்கினார். சி ஷாத்லியின் முகம் மாறியது. நான் இருந்து அண்ணனைக் கூட்டிவருகிறேன், நீ அவர்களை அழைத்துப்போய்ச் சாப்பாடு போடு என்று உல்ஃபாவிடம் சொன்னேன். அவள் தகப்பனை ஒருமுறை பார்த்துவிட்டு மேட்டில் ஏறினாள்.

அவர்கள் மறைந்த பிறகு நானும் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் காற்சட்டை காய்வதற்காகத்தான் காத்திருந்தோம்.

"ஊருக்கே வால்வு மூடுறவன்" என்றார் அண்ணன்.

நாங்கள் வீடு திரும்பியபோது விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போயிருந்தார்கள். வழியனுப்பவும் தகப்பன் வரவில்லையே என்று உல்ஃபா அழுதாள். கல்யாணம் நடந்தது. அவள் பெருநாளுக்கு வருவாள், போவாள். அவரிடம் பழையபடி பேசவில்லை. அண்ணன் டாக்டரிடம் போனது அதற்கு வெகுநாள் பின்னால், ரத்தம் போகத் தொடங்கிய பிறகு. அதற்குள் நோய் எலும்புவரை போயிருந்தது. இந்தக் குளிர்காலத்தில் அவரை அடக்கம் செய்தோம்.

நாற்பதாம் நாள் ஓதலுக்குச் சி ஷாத்லி அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். முதலில் அவரைத் தப்பாக எண்ணிவிட்டோம், கையிறுக்கம், தலைக்கனம் என்று நினைத்தோம், படத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் மனுஷன் எவ்வளவு விளையாட்டுக்காரர் என்று தெரிந்தது என்றார். படம் கைமாறிக் கைமாறிப் போனது. ஓதல் வீட்டில் சிரிக்கக் கூடாது என்று அடக்கியும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. நான் குஸ்குஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

படம் கடைசியில் உல்ஃபாவிடம் வந்தது. அவள் அதோடு சமையலறைக்குள் வந்தாள்.

"அத்தை, அன்னைக்கு அப்பா ஏன் எந்திரிக்கல?"

"முட்டிவலிம்மா" என்றேன். அண்ணன் என்னைச் சொல்லச் சொன்னது அதுதான்.

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்பா வெளியில தொப்பியக் கழட்டி நான் பாத்ததே இல்ல" என்றாள். அவள் விரல் கண்ணாடிமேல் அந்தச் சிவப்புத் தொப்பிக்கு வந்தது, அதை அழுத்தியிருந்த கைகளுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. நான் குழாயைத் திறந்து தட்டுகளைக் கழுவத் தொடங்கினேன்.

வெளியே இன்னொரு வீட்டார் வந்து, படத்தைத் தாங்களும் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். உல்ஃபா தன் மேல்சால்வையைக் கழற்றிப் படத்தைச் சுற்றினாள். "இது போதும். அப்பாவுக்குப் பிடிக்காது" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, தகப்பனின் அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.