முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை, கொள்ளிடத்து மணல்திட்டில் நீண்ட சிறகுள்ள கடல்பறவை ஒன்று சோர்ந்து கிடந்தது. கடல் எங்கே, ஸ்ரீரங்கம் எங்கே! கேமராவைத் தூக்கிக்கொண்டு நெருங்கினேன். பறவைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த, லுங்கி கட்டிய ஒருவர் கையை உயர்த்தினார்.

“உத்துப் பாக்காதீங்க சார். பயந்து எழும்புனா தெம்பில்லாம விழுந்துடும். நான் கப்பல்ல வேலை பாத்தப்ப, இந்த மாதிரி பறவை வந்து இறங்குச்சுன்னா நாங்க எல்லாருமே திரும்பிக்குவோம்.”

கேமராவைப் பையில் வைத்துவிட்டு நானும் அவர் பக்கத்தில் திரும்பி உட்கார்ந்தேன். வெயில் ஏறி மணல் சுட்டது. அவர் அசையவே இல்லை.

திடீரென்று பின்கழுத்தில் காற்று அடித்தது.

“கிளம்பிடுச்சுங்க.”

நான் சட்டென்று திரும்பினேன். அதற்குள் அது ஆற்றுக்கு மேலே சின்னக் கோடாகிவிட்டது. அவர் திரும்பவில்லை. கண்ணை மூடி, காற்று பட்ட கழுத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.