அந்த அத்தியாயம் உள்ள புத்தகம்

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் போப்பை எதிர்த்தவரும் எங்கள் சபை கொண்டாடுபவருமான ஜெர்மானியச் சீர்திருத்தவாதியைப் பற்றி ஞாயிறு ஆராதனையில் நான் பேச வேண்டியிருந்தது. நம்பகமான புத்தகம் தேடி, காஞ்சிபுரத்தில் எங்கள் தேவாலய நூலகத்துக்குப் போனேன்.

நூலகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அறுபதைத் தாண்டியவர். நரம்பு புடைத்த ஒல்லிக் கைகள். சீர்திருத்தவாதியின் எந்த வரலாற்றை எடுத்தாலும் முதலில் அந்தக் காலத்து விவசாயிகள் கலகம் செய்த அத்தியாயத்தைத் தேடுவார். இல்லையென்றால் புத்தகத்தைச் சுவரில் விட்டெறிவார். அன்று நான்கு புத்தகங்கள் மோதி விழுந்தன.

“ஆண்டைங்கள எதுத்த சனங்கள வெட்டிப் போடுங்கன்னு இவரே எழுதிக்கீறாருமா. அத மறைக்கிற புக்க எப்பிடி நம்புறது?” என்றவர், ஐந்தாவதை நீட்டினார். “இதுல இருக்குது.”

உள்ளே வந்த சபை மூப்பர் அதைக் கேட்டுவிட்டார்.

“கோயில்லயே உக்காந்துக்கினு நம்ம ஆள அசிங்கப்படுத்துறியா?” என்று கத்தி, நூலகரின் வாயில் குத்தினார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, இரண்டாகக் கிழித்தெறிந்துவிட்டுப் போனார்.

நூலகர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இரண்டு பாதிகளையும் பொறுக்கினார்.

“இன்னும் ஏன் இந்தச் சபையில இருக்கீங்க?” என்றேன்.

“எங்க அப்பன ஆண்டை ஆளுங்க ஏரிக்கரையில அடிச்சே கொன்னாங்கமா. எதுக்கும் லாயக்கில்லாதவன்னு நெனச்சிக்கினு இருந்தேன். தேவன் உன்ன எந்தத் தகுதியும் பாக்காம சும்மாவே ஏத்துக்கினாருன்னு எனக்குப் புரிய வெச்சது இந்த ஆளோட எழுத்துதான். இவர வுடவும் முடில, மன்னிக்கவும் முடில.”

ஞாயிறன்று அந்த அத்தியாயத்தையும் சேர்த்தே பேசினேன். மூப்பர் எழுந்து வெளியே போய்விட்டார். நூலகரோ வீங்கிய உதட்டோடு, கடைசிப் பாட்டை எல்லோரையும்விட உரக்கப் பாடினார். அந்தக் குரலில் இருந்தது கோபமா, நன்றியா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.