பதிவாகாத சறுக்கல்

குளச்சல் கடற்கரையில் நானும் நண்பன் சகாயமும் பலகைச் சறுக்கலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். பலகை அவனே பிளைவுட்டில் அறுத்தது. அடியில் மெழுகுவர்த்தி தேய்த்திருந்தான். கேமரா என் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது.

சகாயம் அலை வடிந்த ஈர மணலில் பலகையை எறிந்து, ஓடிப்போய் ஏறி, எதிரே வந்த அலைமேல் வளைந்து திரும்பினான். அப்படி ஒரு சறுக்கலை நான் பார்த்ததே இல்லை.

“எடுத்தியா மக்கா?” என்று கத்தினான்.

அப்போதுதான் கவனித்தேன், ரெக்கார்டு பட்டனை நான் அழுத்தவே இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

“வெயில் அடிச்சு வெளுத்துப் போச்சுலே. இன்னும் ஒருக்கா போ” என்றேன்.

இந்த முறை தண்ணீர் வற்றிய மணலில் பலகை குத்தி நின்றுவிட்டது. அவன் விழுந்ததும் அலறியதும் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றன. உடைந்த முழங்கால் சரியாகவே இல்லை. ஆடும் வள்ளத்தில் அவனால் நிற்க முடியாது. அப்பாவோடு கடலுக்குப் போக வேண்டியவன், பத்து வருடமாகக் கரையில் உட்கார்ந்து வலை தைக்கிறான்.

போன மாதம்கூட யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: “மொதல்ல போனதுதான் போக்கு. பாழாப்போன வெயில் கெடுத்துட்டு. இல்லியா மக்கா?”

நானும் சேர்ந்து வெயிலைத் திட்டினேன்.